அம்பையும் அனுப்பமாட்டேன், கட்டையையும் அனுப்பமாட்டேன்

பாபு,

நம் சபையின் மாதப் பத்திரிகையில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் பெற்றவர்களிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். பொறுமையாக இரு, மனைவியின் சமையலைக் குறை சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதே என்று போன மாதம் ஒரு டீச்சரம்மா தன் மகனுக்கு எழுதியிருந்ததைப் படித்து நீயே விழுந்து விழுந்து சிரித்தாய். இந்த மாதம் என் முறை. நானும் அதே மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதித்தான் வைத்திருந்தேன். நீ பிறந்த அன்று ஆம்பூரில் மழை கொட்டியது வரைக்கும் அதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை நீ அரக்கோணத்திலிருந்து போன் பண்ணினாய். போனை வைத்ததும் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துக் குப்பையில் போட்டேன். இது வேறு கடிதம்.

நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் நானே சொல்கிறேன், ஊரும் கேட்கட்டும். "அம்மா, போன வாரம் என் பழைய அம்பு செட்ட வீட்ல வுட்டுட்டு வந்துட்டேன்ல, அதத் தொடச்சி பளபளன்னு எடுத்து வெய்யி. எஸ்தருக்குக் கல்யாண கிஃப்டா அதான் குடுக்கப் போறேன். அப்படியே பரண் மேல அந்தக் கட்ட இருக்கும், அதையும் தேடி வெய்யி. அவளுக்குக் கை ரொம்ப ஆடுது. தினம் காலைல பத்து நிமிஷம் புடிச்சிக்கினு நின்னா சரியாய்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். பெரிய மனசு பண்ணி ஏதோ தானம் கொடுக்கிறவன் மாதிரி.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகன் ரயில்வேயில் வேலை பார்க்கிறான். லீவு நாளில் வில் விடுவான். சக்கரமும் கண்ணாடியும் வைத்த வில் இல்லை, வெறும் மரவில். குறி பார்க்க ஊசி கூடக் கிடையாது. கட்டிக்கொள்ளப் போகிற பெண் எஸ்தர், வேலூரில் நர்ஸ். பச்சைக் குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். நூல் மாதிரி நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி ஏற்றுகிற கை அவளுடையது. அந்தக் கை ஆடுதாம். இவன் சொல்கிறான்.

இரண்டு வாரம் முன்னால் விரிஞ்சிபுரம் தாண்டி, பாலாற்று மணலில் வைக்கோல் கட்டு வைத்து அவளுக்கு வில் பழக்கினாயே, நானும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பன்னிரண்டு அம்பு விட்டாள். கட்டின் மேல் பட்டது இரண்டு. மீதி எல்லாம் இடதுபக்கம், மணலில். ஒவ்வொன்றையும் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய். "எத்தன தபா சொல்றது எஸ்தர்? கைய ஆட்டாத. மொதல்ல கை நிக்கட்டும், அப்புறம் உனக்கு நல்ல அம்பு வாங்கலாம்." அவள் முகம் சுண்டிவிட்டது. "சாரிங்க, இனிமே கவனமா இருக்கேன்" என்றாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அப்போதே எழுந்து வந்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேரியரைத் திறக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஏன் குனிந்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அம்பைப் பற்றிப் பேசுவோம். உன் அம்பு ஐந்நூறு நம்பர். தண்டின் மேலேயே எழுதியிருக்கிறது. அது உனக்குச் சரி. உன் வில்லை இழுக்க நாற்பத்தைந்து பவுண்டு பலம் வேண்டும், உன் கை நீளம், இருபத்தொன்பது அங்குலம் இழுக்கிறாய். அந்த இழுப்புக்கு ஐந்நூறு தண்டு வளைந்து கொடுக்கும். அவள் வில்லில் இருபத்தெட்டு பவுண்டு என்று எழுதியிருக்கிறது, அதுவும் முழுசாக இழுத்தால்தான். அவள் இழுப்பது இருபத்தாறு அங்குலம். இருபத்து நாலு பவுண்டு வந்தால் பெரிசு. அந்த வில்லுக்கு உன் அம்பு இரும்புக் கம்பி. மரவில்லில் அம்பு நடுவில் உட்காருவதில்லை, கைக்கு மேலே, மரத்துக்குப் பக்கவாட்டில் உட்காருகிறது. நாணை விட்டதும் மரம் குறுக்கே நிற்கிறது. தண்டு கொஞ்சம் வளைந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், தாண்டின பிறகு நிமிர வேண்டும். வளையாத தண்டு மரத்தில் இடித்துக்கொண்டு இடதுபக்கம்தான் போகும். நீ இல்லை, எந்தக் கொம்பன் அந்த வில்லில் அந்த அம்பை விட்டாலும் இடதுபக்கம்தான் போகும். இது உனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். உனக்கு என்று புது செட் வாங்கும்போது வேலூருக்கு நாலு தடவை அலைந்தாயே, தண்டை மாற்றி மாற்றிப் பார்த்தாயே, முனையின் எடையை ஏற்றி இறக்கிப் பார்த்தாயே. உனக்கு என்றால் நாலு தடவை, அவளுக்கு என்றால் நீ வேண்டாம் என்று கழித்துப் போட்டதா? வெட்கமாக இல்லை?

இதோடு போயிருந்தால் போனிலேயே திட்டி முடித்திருப்பேன். செவ்வாய் சாயங்காலம், நீ சொன்னாயே என்று அம்பு வைக்கிற குழாயைத் திறந்து ஒவ்வொரு அம்பாகத் துடைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஷூ ஃபேக்டரியில் தோல் தரம் பிரிக்கிறவள் நான். வெட்டுக்குப் போகிற ஒவ்வொரு தோலையும் விரலால் தடவி, மடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் அனுப்பினது கிடையாது. நாலாவது அம்பில் என் விரல் நின்றது. தண்டு முழுக்க வழவழப்பு, ஒரு இடத்தில் மட்டும் பசை மாதிரி. மோந்து பார்த்தேன். எட்ஜ் கலர். பெல்ட், ஷூ வார் இவற்றின் வெட்டின ஓரத்தில் அசிங்கம் தெரியாமல் இருக்கப் பூசுகிற கறுப்பு மை. என் பையிலிருந்து நீ எடுத்துப் போன மை. பன்னிரண்டில் மூன்று அம்பில் பூசியிருந்தாய். ஈரத்துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். இரண்டில் மேலாகச் சிராய்ப்பு. மூன்றாவதில், இறகுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, மயிரிழை மாதிரி ஒரு கோடு. இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்தேன். 'டிக்' என்றது.

அந்தச் சத்தம் என்ன என்று உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் கை கிழிந்ததை நீயும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் பக்கத்து வரிசையில் நின்று அம்பு விட்டார், நாண் போன சத்தத்தோடு இன்னொரு சத்தம் கேட்டது, வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். இடது கையில், கட்டைவிரல் சதை முழுக்கக் கறுப்புச் சிம்பு. மரம் என்றால் இரண்டாக ஒடியும். கார்பன் நாராகக் கிழிந்து கைக்குள் பாயும். அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்கள். நீ வாந்தி எடுத்தாய். அன்றிலிருந்து விடுவதற்கு முன்னால் அம்பை வளைத்துக் காதில் வைத்துக் கேட்காமல் நீ ஒரு நாளும் விட்டதில்லை. உன் அம்பை. ஆனால் கீறல் விட்ட அம்புக்கு மை பூசி, அதை அந்தப் பெண் கையில் கொடுத்து, பாலாற்று மணலில் நிற்கவைத்து இழுக்கச் சொன்னாய். அந்தப் பன்னிரண்டில் அந்த அம்பையும் அவள் விட்டாள், என் கண் எதிரில். நரம்பு தேடுகிற கை. நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் கல்யாண மாப்பிள்ளை என்று பார்த்திருக்கமாட்டேன்.

புதன்கிழமை உன்னைக் கேட்டேன். என்ன சொன்னாய்? "அய்ய, சும்மா சிராய்ப்பும்மா. கிஃப்டு குடுக்கறமே, பாக்க நல்லா இருக்கட்டும்னு லைட்டா டச்சப் பண்ணேன். அவ வில்லுல இன்னா பெரிய ஃபோர்ஸ் இருக்கப் போவுது? எதுக்கு இவ்ளோ பேஜார் பண்ற?" டச்சப்! இந்த வார்த்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று போனை வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான்தான். உன் பள்ளிக்கூட ஷூவில் கீறல் விழுந்தால் எட்ஜ் கலர் தொட்டு, மெழுகு தேய்த்து, புதுசு மாதிரி அனுப்புவேன். அது போகட்டும். ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டப் போட்டிக்கு முதல் நாள் உன் அம்பு ஒன்று கல்லில் உரசிவிட்டது. போட்டியில் அம்பைப் பரிசோதித்துக் கழித்துவிடுவார்கள் என்று நீ அழுதாய். "இன்னாத்துக்கு அழுவுற, கொண்டா இங்க" என்று நான்தான் மை பூசிக் கொடுத்தேன். பரிசோதித்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நானும் நீயும் சிரித்துக்கொண்டு வந்தோம். கர்த்தர் காப்பாற்றினார், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஃபேக்டரியில் கழித்த தோலைக் கத்தியால் குறுக்கே ஒரு கிழி கிழித்துவிடுவோம், மறுபடியும் யாரும் நல்ல தோலோடு சேர்த்துவிடாதபடி. வேலையில் அவ்வளவு கறாராக இருந்தவள், பெற்ற பிள்ளையின் அம்புக்கு மை பூசினேன். அந்தத் தப்பைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். நல்லது எவ்வளவோ செய்தேன், அதில் ஒன்று உன்னிடம் ஒட்டியிருக்கக் கூடாதா?

அந்த மூன்று அம்பையும் உடைத்துவிட்டேன். சிம்பு தெறிக்காமல் அப்பாவின் பழைய சாக்குப்பையில் போட்டுக் கட்டி, அதற்கப்புறம் மிதித்து உடைத்தேன். மீதி ஒன்பது நன்றாக இருக்கிறது. அது உன் அம்பு, உன் வில்லுக்கு. நீ வந்து எடுத்துக்கொள். எஸ்தருக்கு அது போகாது.

இனி அந்தக் கட்டை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது. படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன கட்டை என்று தெரியும், ஏனென்றால் இதே சபையில், பெண்கள் கூட்டத்தில், மைக் பிடித்து அந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன். ஷூவுக்கு உருவம் வருவதற்காக மேல்தோலை ஒரு பிளாஸ்டிக் கட்டையின் மேல் இழுத்து ஒட்டுவார்கள், கால் மாதிரியே இருக்கும், லாஸ்ட் என்போம். என் மகனுக்குப் பதின்மூன்று வயதில் வில் விடும்போது கை ஆடியது, ஃபேக்டரியில் தேய்ந்துபோன ஒரு கட்டையைக் கொண்டுவந்து, தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகிறதுக்கு முன்னால் இடது கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்கவைத்தேன், ஒரு வருஷம் விடாமல் செய்தேன், கை நின்றது, பதக்கம் வந்தது, கண்டிப்பு இல்லாமல் பிள்ளை உருப்படாது என்று முடிப்பேன். எல்லோரும் தலை ஆட்டுவார்கள். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கதை பொய். அதனால்தான் இதைக் கூட்டத்துக்கு நடுவில் எழுதுகிறேன். "சபைப் பத்திரிகைல அம்பு, கட்டன்னு எழுதினா ஊரே சிரிக்குமேடி" என்றார் உன் அப்பா. சிரிக்கட்டும். பொய்யைச் சொல்லும்போது மைக் வேண்டும், உண்மையைச் சொல்லும்போது மட்டும் தனியாகச் சொல்ல வேண்டுமா?

நடந்தது இதுதான். உன்னை வில் வகுப்பில் சேர்த்ததும் அம்பு வாங்க வேலூர் கடைக்கு நான் போனேன். கடைக்காரர் தண்டுகளை எடுத்துப் போட்டார். நானூறு, ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம். "யாருக்கும்மா? வில்லு எவ்ளோ பவுண்டு?" என்று கேட்டார். ஒரு கடைக்காரர் என்னிடம் நம்பர் பேசுவதா? தோலின் கனத்தைக் கேஜ் வைத்து அளந்து அளந்து கண்ணிலேயே அளவு சொல்கிறவள் நான். தோலில் நம்பர் ஜாஸ்தியானால் கனம் ஜாஸ்தி, விறைப்பு ஜாஸ்தி. நம்பர் கம்மியானால் மெலிசு, மெத்தென்று இருக்கும். என் பிள்ளை ஒல்லி, சின்ன வில், அவனுக்கு இருப்பதிலேயே மெத்தென்று இருப்பதைக் கொடுப்போம் என்று, "எனக்குத் தெரியும்பா, நானூறே குடுங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உன் அப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னான்னுதான் கேளேன்" என்றார். இரண்டு பேரையும் அடக்கினேன். அம்பில் அந்த நம்பர் தலைகீழ் என்பது எனக்குத் தெரியாது. தண்டை இரண்டு முனையில் தாங்கி, நடுவில் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறதோ அதுதான் அந்த நம்பர். நம்பர் ஏற ஏற வளைவு ஜாஸ்தி. கடையில் இருந்ததிலேயே விறைப்பான தண்டைப் பார்த்துப் பொறுக்கி, உன் இருபது பவுண்டு வில்லுக்கு வாங்கிவந்தேன்.

அதோடு விட்டேனா? தண்டு உன் கைக்கு நீளமாக இருந்தது. துண்டு வீணாகாமல் வெட்டுகிற இடத்திலேயே இருந்து பழகியவள், நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். உன் கை அளவுக்கு ஒட்ட வெட்டச் சொன்னேன். வெட்ட வெட்டத் தண்டு இன்னும் விறைக்கும். வளர்கிற பிள்ளைக்கு நீளம் விட்டுத்தான் வைக்க வேண்டும், இழுக்கும்போது முனை உள்ளே விழுந்து கையைக் குத்தாமல் இருக்க. ஒன்றும் தெரியாது எனக்கு. ஆனால் தெரிந்த மாதிரி நின்றேன்.

ஒரு வருஷம். நீ விட்ட அம்பெல்லாம் இடதுபக்கம் போயிற்று. இருபது பிள்ளைகளை ஒரே ஆளாக மேய்க்கிற கோச் சார் என்ன பார்ப்பார், நல்லாப் பயிற்சி எடு என்பார். நான் கவனம் இல்லை என்றேன். சோம்பேறி என்றேன். பக்கத்து வீட்டுப் பையனைப் பார் என்றேன். கட்டையைக் கொண்டுவந்தேன். காலையில் நான் அடுப்படியில் நின்று கடிகாரம் பார்ப்பேன், நீ கூடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாய். கட்டை தாழ்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நாள் கட்டை கீழே விழுந்து டைல்ஸ் உடைந்தது. அடி ஸ்கேலால் உன் இடது மணிக்கட்டில் போட்டேன்.

வருஷக் கடைசியில் திருவண்ணாமலைப் போட்டியில் ஒரு அக்கா, வேறு டீம், உன் அம்பை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டுத் தன் அம்பு மூன்றைக் கொடுத்தாள். மூன்றும் நடுவில் போய் நின்றது. நீ ஓடி வந்தாய். "அம்மா, அம்மா, அம்புதாம்மா தப்பு! அந்தக்கா அம்பு நேராப் போவுது!" உன் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடைக்காரர் வாயெடுத்தது, அப்பா கேளேன் என்றது, எல்லாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு வருஷமா கட்ட புடிச்சதுக்கு இன்னிக்குத்தான் உன் கை நின்னுது. அதான் நேராப் போச்சு." அடுத்த வாரம் தனியாகக் கடைக்குப் போய் ஆயிரம் நம்பர் தண்டு வாங்கிவந்தேன். "கை நின்னுடுச்சுல்ல, அதான் நல்ல அம்பு. மொதல்ல கை, அப்புறம்தான் அம்பு" என்று சொல்லிக் கொடுத்தேன். நீ நம்பினாய். அம்மா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்? பாலாற்று மணலில் எஸ்தரிடம் நீ சொன்னது என் வாக்கியம். எழுத்துப் பிசகாமல் என் வாக்கியம். அதனால்தான் கேரியருக்கு மேல் குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை எஸ்தரை அவள் வில்லோடு வரச் சொன்னேன். டியூட்டி முடிந்து நேராக வந்தாள், காலில் இன்னும் ஆஸ்பத்திரிச் செருப்பு. அவளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் நரைத்துவிட்டார், என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நல்லதாயிற்று. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்களே பாத்து சொல்லுங்க" என்றேன். இந்த இரண்டு வாக்கியத்தைப் பதினாலு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அவர் வெட்டாத நீளத் தண்டு ஒன்றை அவள் வில்லில் வைத்து இழுக்கச் சொல்லி, இழுப்பை அளந்தார். எழுநூறில் ஒன்று, தொள்ளாயிரத்தில் ஒன்று கொடுத்தார். டஜனாக வாங்காதீங்க, முதலில் ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள், இறகு ஒட்டாமல் விடுங்கள், இறகு இருந்தால் தப்பை மறைத்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாற்காலிக்கு நடுவில் தண்டை வைத்து, உன் அப்பாவைத் துணிப்பையில் சர்க்கரை நிறுத்துத் தொங்கவிடச் சொல்லி, ஸ்கேல் பிடித்துப் பார்த்தேன். உன் ஐந்நூறு அரை அங்குலம் தொய்ந்தது. தொள்ளாயிரம் கிட்டத்தட்ட அதற்கு இரண்டு மடங்கு. "தோலாட்டம் இல்லியே" என்றார் உன் அப்பா. ஆமாம், இல்லை.

சனிக்கிழமை ஆற்று மணலில், பத்தடி தூரத்தில் அவளை நிற்கவைத்தேன். எழுநூறு கொஞ்சம் இடதாக, வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று. தொள்ளாயிரத்தை விட்டாள். நேராகப் போய் நின்றது. மறுபடியும் விட்டாள். அதே இடம். வில்லைத் தாழ்த்திக்கொண்டு அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்த, அப்ப என் கை?" என்றாள். "உன் கைக்கு ஒண்ணும் இல்லம்மா. அம்புதான் தப்பு" என்றேன். திரும்பி நின்றுகொண்டு அழுதாள். இரண்டு வாரமாக வார்டில் ஊசி போடும்போதெல்லாம் கை ஆடுகிறதோ என்று பயந்துகொண்டு இருந்தாளாம், ஒரு குழந்தைக்கு இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாளாம். கேட்டாயா? நீ சொன்ன ஒரு வார்த்தை எங்கே போய் வேலை செய்திருக்கிறது, பார்.

ஆகவே இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், ஒழுங்காகக் கேட்டுக்கொள். தொள்ளாயிரம் நம்பர் தண்டு பன்னிரண்டு, நீயே போய் வாங்கு. ஒவ்வொன்றையும் கண்ணாடி மேல் உருட்டிப் பார், நெளிகிறதை ஒதுக்கு. எடையில் எல்லாம் ஒன்றுக்கொன்று ஜோடி சேர வேண்டும், ஷூவுக்கு இடது வலது சேர்க்கிற மாதிரி. முதலில் வெட்டாதே. அவள் ஒரு மாதம் விட்டுப் பழகட்டும், அவள் இழுப்பு இன்னும் நீளும். அப்புறம் தேவையென்றால் கால் அங்குலம் கால் அங்குலமாகக் குறை, அதுவும் சுற்றுகிற சக்கரத்தில் வெட்டு. கத்தியும் ரம்பமும் வைத்து நார் கிளப்பாதே. முனை கனமானால் தண்டு இளகும், லேசானால் விறைக்கும், அதையும் பார்த்து மாட்டு. பறவை இறகுதான் ஒட்ட வேண்டும், கைமேல் உரசிப் போகிற அம்புக்கு பிளாஸ்டிக் ஆகாது. விடுகிற ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அம்பையும் வளைத்துக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லிக் கொடு. 'டிக்' என்றால் உடை. மை பூசினாய் என்று தெரிந்தால் அரக்கோணத்துக்கே வந்துவிடுவேன். இதெல்லாம் முடிந்து, அதற்கப்புறமும் அம்பு இடதுபக்கம் போனால், அப்போது அவள் கையைப் பற்றிப் பேச உனக்கு வாய் இருக்கிறது. அதற்கு முன்னால் இல்லை. வில்லில் மட்டும் சொல்லவில்லை. சாம்பார் உப்புக் கரித்தாலும், வீட்டில் எது இடதுபக்கம் போனாலும், முதலில் நீ அவள் கையில் எதைக் கொடுத்தாய் என்று பார்.

கட்டையை வெள்ளிக்கிழமை ஃபேக்டரிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தேய்ந்த கட்டைகளை உருக்கப் போடுகிற தொட்டியில் போட்டேன். அதில் குதிகால் பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எண்ணி எண்ணிக் கோடு போட்டிருந்தாய். நாலு நாலாக, குறுக்கே ஒன்று. எத்தனை நாள் நின்றாய் என்று கணக்கு வைத்திருக்கிறாய் போல. நான் அதை இத்தனை வருஷம் பார்த்ததே இல்லை. பஞ்சிங் டைம் ஆகிவிட்டது என்று பின்னால் நின்றவர்கள் சத்தம் போடும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. கல்யாணத்தன்று கோயிலில் உன்னைப் பார்க்கும்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், சொல்லிவிட்டேன். ஆனால் எஸ்தரிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நீ. ஸ்கேல் பட்ட மணிக்கட்டைச் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். திருவண்ணாமலையில் நீ மூச்சு வாங்க ஓடி வந்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். உன் கை ஒரு நாளும் ஆடவில்லை, பாபு. அம்புதான் தப்பு. அதை வாங்கினவள் நான்.

உன் அம்மா